யாரும் தொடுக்காத பூ

அண்ணா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஐந்தடி அகலம் என் கடை.
மும்பையிலிருந்து டின்னில் வரும் எண்ணெய்களை
பத்து மில்லி குப்பிகளில் பிரித்து விற்கிறேன்.
மேல்தட்டு முழுக்க வெள்ளைப் பூ:
பிச்சி, மல்லி, சம்பங்கி, தாழை.

பஸ் ஏறினால் அரைமணியில் தோவாளை.
அசல் அங்கே மலையாய்க் குவிந்திருக்க
குப்பி எதற்கு என்று கேட்காதவர் இல்லை.
அசல் சாயங்காலம் வாடும், யக்கா,
இது துவைத்தாலும் போகாது என்பேன்.

ததேயு வந்தது
போக வேண்டும் என்று.

ஃப்ரீசர் வண்டி ஓட்டுகிறவர்.
ஆசாரிப்பள்ளத்தில் ஏற்றி
குளச்சல், தூத்தூர், சிலநாள் நீரோடி வரை.
பின்கதவு திறந்தால் பிச்சி மாலை சரியும்.
"எத்தன தடவ குளிச்சாலும் கழுத்துல அந்த மணம்தான், கேட்டியளா.
எமரென்சி தள்ளித்தான் படுக்கா.
அவ தலையில பூ வச்சு பத்து வருசம் ஆச்சு.
எனக்கு வெள்ளயா ஒரு மணம் வேணும்.
ஆனா எந்தச் சவத்து மேலயும்
கெடந்த பூவா இருக்கப்பிடாது."

பத்தா, இருபதா என்று கேட்க
எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

சம்பங்கியை நீட்டினேன்.
"இது முட்டத்துல, ஒரு பையன்" என்றார்.
மல்லிக்கு ஒன்றும் சொல்லவில்லை,
குப்பியை மெதுவாகத் திரும்ப வைத்தார்.
தாழையைத் திறக்கவே விடவில்லை.

டின்னோடு வரும் தாளில் படித்திருக்கிறேன்:
பிச்சிக்குள் இன்டோல் என்று ஒன்று உண்டு,
அழுகும் உடம்பிலும் அதுவே உண்டு.
அதை நீக்கிய சாம்பிள் ஒன்று கிடந்தது.
முகர்ந்துவிட்டுச் சொன்னார்:
"இது மெடிக்கல் காலேஜ் வராந்தா."
சிரித்துவிட்டேன். அவரும்.

ஏப்ரலில்
கிராம்பு எண்ணெய்க்காக மாறாமலை ஏறினேன்.
ஒன்பது நாள் முன்பு ஒரு மழை பெய்திருந்தது.
வளைவு திரும்பும் முன்பே வந்துவிட்டது மணம்.
பிச்சி என்றே நினைத்தேன்.
இல்லை, பிச்சிக்குச் சித்தி மகள்;
கொஞ்சம் நாரத்தைத் தோல், கொஞ்சம் நனைந்த கல்.
கிராம்பு மரங்களுக்கு நடுவே
ஒரு துண்டு காப்பித் தோட்டம்,
கிளை கிளையாய்
அரிசிப்பொரி ஒட்டினாற்போல.

இதைப் பறிப்பார்களா என்றேன்.
சத்தியதாஸ் என்னை ஒருமாதிரி பார்த்தார்.
"பறிச்சா காய் ஏது?
மூணே நாளு, அப்புறம் கருகிப் போவும்.
பிடிக்கக் காம்புகூட கெடையாது,
இத எந்த நாருல தொடுக்க?"

உதிர்ந்ததைப் பொறுக்கி
டிபன் பாக்ஸில் தேங்காய் எண்ணெயில் அமுக்கினேன்.
கீரிப்பாறை தாண்டுவதற்குள்
தேங்காய் எண்ணெய்தான் மணத்தது.

பிறகு ஞாபகத்தை வைத்துக் கலந்தேன்.
நாரத்தைக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று,
எட்டுக் குப்பி சாக்கடைக்குப் போயின.
எதுவும் பூவாகவில்லை.
ஒன்பதாவதில்
கை தானாக மேல்தட்டுக்குப் போனது:
பிச்சி, இரண்டு துளி,
அந்த இன்டோலோடு.
உடனே வளைவும் மழையும் அங்கே இருந்தன.

ததேயு வெகுநேரம் முகர்ந்தார்.
"என்ன பூ இது?"
"மலையில பூக்கது. யாரும் தொடுக்கதில்ல."
பொய் இல்லை.
முழுசும் இல்லை.
லேபிளில் பெயர் எழுதாமல் கொடுத்தேன்.

ஆடி மாசம். சாரல்.
குடையை மடக்கியபடி ஒருத்தி வந்தாள்,
காலிக் குப்பியை மேசையில் வைத்தாள்.
லேபிள் இல்லாத குப்பி.
நிரப்பி அவள் மணிக்கட்டில் ஒரு துளி தேய்த்தேன்.
கண்ணை மூடினாள்.
"இதுல பிச்சி கெடக்கு, இல்லியா?"

கல்லாப்பெட்டியில்
எண்ணிய நோட்டையே திரும்ப எண்ணினேன்.

"கெடக்கட்டும்" என்றாள்.
"அவருட்ட சொல்லாண்டாம்.
இருபது மில்லியாவே தாங்க."

குளச்சல் பஸ் ஹாரன் அடித்தது.
மீதிச் சில்லறை வாங்காமல் ஓடினாள்,
குடை இங்கேயே இருக்கிறது.